எல்லாரையும் டீச்சர் என்று நினைத்தேன்

அக்கா செத்து மூன்றாவது மாதம் அவள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. அந்த போனை நான் தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தேன். நூறு பர்சென்ட் ஆனதும் வயரைப் பிடுங்குவேன், அவ்வளவுதான்.

மெசேஜ் இங்கிலீஷில் இருந்தது. நான் ஒன்பதாவதோடு நின்றவள். எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தேன். அப்புறம் என் போனில் இருக்கிற மொழிபெயர்க்கிற ஆப்பில் போட்டுப் பார்த்தேன். எம்.ஏ. முதல் வருஷம் தபாலில் படிப்பவர்களுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமையில் இருந்து நேரில் வகுப்பு. தொடர்ந்து மூன்று வகுப்பு வராதவர்களின் பெயர் நீக்கப்படும்.

நீக்கப்படும் என்கிற சொல் எனக்குப் புதிது இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் அம்மாவும் நானும் ஆனேக்கல் தாலுகா ஆபீஸ் போய் ரேஷன் கார்டில் அக்கா பேரை எடுத்துவிட்டு வந்தோம். கிளினிக்கில், அக்கா வேலை பார்த்த ரிசப்ஷன் மேஜையில் இருந்த பெயர்ப்பலகையை ஒரு கவரில் போட்டு எங்களிடமே கொடுத்துவிட்டார்கள். நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். ஆனால் அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

ஆனேக்கல் ஆபீசில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, என்னைக் காட்டி, "இவளேனா தொட்ட மகளு?" என்று கன்னடத்தில் கேட்டார். இவள்தான் பெரிய மகளா என்று. அம்மா ஒரு நிமிஷம் அவர் வாயையே பார்த்தாள். பிறகு, "ஹௌது சார்" என்றாள். ஆமாம் என்று.

அவள் மேல் தப்பு இல்லை. கார்டில் இருக்கிற கணக்குப்படி அது சரிதான். ஆனால் எங்கள் வீட்டில் அம்மா எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. அக்கா பெரியவ, நான் சின்னவ. "பெரியவளே, தண்ணி வந்துடுச்சு பாரு. சின்னவளே, வாளி எங்கடி?" இப்படித்தான் இருபது வருஷம். ஆனேக்கல் போய் வந்த பிறகு அம்மா என்னை எப்படியும் கூப்பிடுவதில்லை. "ஏய்" என்பாள். "இந்தா" என்பாள். சில நாள் தட்டை வைக்கிற சத்தம்தான் கூப்பிடுகிற சத்தம்.

அதனால்தான் அந்த மெசேஜைப் பார்த்ததும் போவது என்று முடிவு செய்தேன். அக்கா பேர் இன்னும் ஒரே ஒரு இடத்தில் இருந்தது. அதையாவது எடுக்க விடக்கூடாது.

அக்கா பி.ஏ.வும் தபாலில்தான் முடித்தாள். எம்.ஏ.வில் ஒரு தாள், ஒரே ஒரு எழுத்தாளருடைய வாழ்க்கையும் நாவல்களும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் இருந்த ஒரு பெண். அக்கா சேர்ந்தவுடனே பழைய புத்தகக் கடையில் ஒரு நாவலை வாங்கிவிட்டாள். வகுப்பு தொடங்குவதற்குள் படித்து முடித்துவிட வேண்டும் என்று அவசரம். வீட்டில் எங்களுக்கு இருப்பது ஒரே அறை. தண்ணீர் டிரம்மின் மூடிமேல் புத்தகத்தை வைத்து நின்றுகொண்டே படிப்பாள்.

படித்ததைக் காலையில் பஸ்ஸில் எனக்குச் சொல்லுவாள். பெங்களூர் போகிற பஸ்ஸில் சந்தாபுராவில் இரண்டு பேரும் ஒன்றாக ஏறுவோம். எலெக்ட்ரானிக் சிட்டியில் நான் இறங்குவேன். அங்கே ஐ.டி. பெண்கள் தங்கும் பி.ஜி. ஹாஸ்டல் ஒன்றில் சமையல் வேலை எனக்கு. அக்கா கிளினிக்குக்கு அதற்கு மேலும் போகவேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நாவலில் இருக்கிற பெண்கள் யார் வீட்டுக்கு டீ குடிக்கப் போனார்கள், யார் யாரிடம் சரியாகப் பேசவில்லை எல்லாம் வந்துவிடும். ஒவ்வொரு பேருக்கு முன்னாலும் மிஸ், மிஸ் என்று சொன்னாள். ஒரு வாரம் பொறுமையாகக் கேட்டேன்.

"ஏன்க்கா, அந்த ஊர்ல எல்லாருமே டீச்சரா? பாடம் நடத்தவே மாட்டேங்கறாங்க, டீ குடிச்சிட்டே இருக்காங்க."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"லூசு, மிஸ்ஸுன்னா கல்யாணம் ஆவாதவடி."

"அப்ப எங்க மேத்ஸ் மிஸ்ஸுக்கு ரெண்டு புள்ளைங்க?"

"அது வேற மிஸ்ஸு."

"எத்தினி மிஸ்ஸுக்கா இருக்கு?"

"நான் போயிட்டா நீ என்னை மிஸ் பண்ணுவல்ல, அது ஒரு மிஸ்ஸு. கல்யாணம் பண்ணிட்டுப் போறேன் பாரு, அப்ப தெரியும்."

"போ போ. டிரம்மு மேல சொம்பு வைக்கவாவது எடம் கெடைக்கும்."

இதுதான் நான் சொன்னது. ஞாபகமாகத்தான் எழுதுகிறேன்.

டெங்கு. ஆறு நாள். அதைப் பற்றி எழுத என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

தெருப் பையன்கள் முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தார்கள். அக்காவின் எம்.ஏ. அப்ளிகேஷனுக்கு எடுத்த போட்டோ. பேருக்கு முன்னால் பெரிதாக 'செல்வி' என்று போட்டிருந்தது. கல்யாணம் ஆகாதவள் என்பதற்காக. பிறகு ஒருநாள் அவள் நாவலை எடுத்து, ஒரு பக்கத்தின்மேல் என் போனைப் பிடித்து ஆப்பில் பார்த்தேன். மிஸ் என்று இருந்த இடத்தில் எல்லாம் செல்வி, செல்வி, செல்வி என்று வந்தது. பக்கம் முழுக்க எங்கள் தெருமுனை பேனர் மாதிரி இருந்தது. மூடி வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை டிபன் முடித்து, பாத்திரம் கவிழ்த்துவிட்டு, மடிவாளா போகிற பஸ்ஸைப் பிடித்தேன். வீட்டில் டபுள் டூட்டி என்று சொல்லியிருந்தேன். வகுப்பு ஒரு காலேஜின் மூன்றாவது மாடியில். அக்காவின் பையை மாட்டியிருந்தேன், அதில் அவள் ஐ.டி. கார்டு இருந்தது. யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஜாடைதான்.

மேடம் உள்ளே வந்தார். ஒல்லியாக, இருமிக்கொண்டே. அட்டெண்டன்ஸ் நம்பரில்தான் எடுத்தார், பேரில் இல்லை. அது எனக்கு நல்லதாகப் போயிற்று. நாற்பத்தொன்று என்று இங்கிலீஷில் கூப்பிட்டார்.

"பிரசன்ட் மிஸ்!"

எல்லாரும் திரும்பினார்கள். அங்கே மற்றவர்கள் எல்லாம் மேடம் என்றுதான் சொல்கிறார்கள். மிஸ் என்பது ஸ்கூல் பழக்கம். நான் படித்தது ஸ்கூல் மட்டும்தானே. மேடம் ஒரு டிக் போட்டார். அந்த டிக்கைப் பார்க்க முடியவில்லை, பேனா அசைந்ததைத்தான் பார்த்தேன்.

பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் விலாவில் இடித்தார். "அடுத்தது நான். நாப்பத்திரெண்டு. வயசு இல்லம்மா, நம்பரு."

அல்சூர் பக்கம் அவருக்கு வீடு. பேங்கில் அட்டெண்டர். பிள்ளைகள் காலேஜ் முடித்துவிட்டார்களாம். "எம்.ஏ. முடிச்சா புரமோஷன் கண்ணு. இத்தினி வருஷம் நான் காபி குடுத்தேன், இனிமே அவங்க எனக்குக் குடுக்கட்டும்." அன்றிலிருந்து அவர் என்னைப் பேர் கேட்கவே இல்லை. "ஏ நாப்பத்தொன்னு" என்பார். யாராவது அப்படிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கட்டும் என்று இருந்தது எனக்கு.

அக்காவுக்காகப் போனேன் என்று சொன்னால் அது முக்கால்வாசிதான் உண்மை. அங்கே உட்கார இடம் இருந்தது. அதிகாலையில் இருந்து அறுபது பேருக்கு சித்ரான்னாவும் இட்லியும் செய்து நின்ற காலுக்கு, ஃபேன் காற்றில் இரண்டரை மணி நேரம் ஒரு பெஞ்சு. முதல் வகுப்பில் நான் தூங்கிவிட்டேன். அக்கா பேரில் டிக் வாங்கிவிட்டு அக்கா பெஞ்சில் தூங்கினேன். மேடம் பார்க்காதபடி நாற்பத்திரண்டு தன் நோட்டை என் முகத்துக்கு மறைவாகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாவது வகுப்பில் கேட்டேன். மேடம் பழுத்துப்போன பேப்பரைப் பார்த்து இங்கிலீஷில் படிப்பார். பிறகு ஐந்து நிமிஷம் கன்னடத்தில் சொல்வார். அந்த ஐந்து நிமிஷம்தான் என்னுடையது. அந்த எழுத்தாளருக்குத் தனி அறை இல்லையாம். ஆட்கள் வந்துபோகிற அறையில் சின்ன மேஜையில் எழுதினாராம். உயிரோடு இருந்தவரை புத்தகத்தில் அவர் பேர் போடவில்லையாம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

"ஏம்மா, அத்தினி கல்யாணத்த எழுதினவங்க தான் பண்ணிக்கலியா?" என்று நாற்பத்திரண்டு என் காதில் கேட்டார்.

"நான்கூட பி.ஜி.ல சமைக்கறேன், சாப்பிட மாட்டேன்" என்றேன்.

அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அக்கா போன பிறகு என் பேச்சுக்கு யாராவது சிரித்தது அதுதான் முதல் தடவை. உடனே எனக்கு ஏதோ தப்பு செய்துவிட்டது போல இருந்தது.

அந்த எழுத்தாளருக்கு ஒரு அக்கா. கடைசிவரை இரண்டு பேரும் ஒரே வீட்டில். தங்கை முதலில் போய்விட்டாள். தங்கை எழுதிய கடிதங்களில் நிறையவற்றை அக்கா பிற்பாடு எரித்துவிட்டாராம். ஏன் எரித்தார் என்று மேடம் வகுப்பைக் கேட்டார். எனக்கு அது கேள்வியாகவே படவில்லை. அக்காவின் வாட்ஸப்பில் ஒருத்தனுடைய சாட் இருக்கிறது. பேருக்கு பதில் ஒரு பூ மட்டும் போட்டு சேவ் பண்ணி வைத்திருக்கிறாள். நான் இன்னும் திறக்கவில்லை. அழிக்கவும் இல்லை. அந்த இங்கிலாந்து அக்காவுக்கு என்னைவிடத் தைரியம்.

மூன்றாவது வகுப்பில் நாவலை எடுத்தார்கள். அக்காவின் புத்தகத்தை நான் கொண்டுபோயிருந்தேன். அதில் முக்கால் பாகம்வரை பென்சில் கோடு இருக்கிறது, அதற்கப்புறம் பக்கங்கள் சுத்தமாக இருக்கின்றன. நாவலில் அக்கா தங்கை என்று மூன்று பெண்கள். ஒரே பேரா மூத்தவர்கள் இரண்டு பேருக்கும் என்று யாரோ ஒரு பையன் சந்தேகம் கேட்டான். மேடம் சாக்பீஸை எடுத்தார். கன்னடத்தில் சொன்னார், நான் தமிழில் எழுதுகிறேன். அந்தக் காலத்து வழக்கப்படி மிஸ் என்பதோடு குடும்பப் பேரை மட்டும் சேர்த்துச் சொன்னால் அது வீட்டின் மூத்த பெண். அது அவளுக்கு மட்டும். தங்கைகளைக் கூப்பிட அவரவர் சொந்தப் பேரையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

"நம்ம கல்யாணப் பத்திரிகையில ஜேஷ்ட குமாரத்தி, கனிஷ்ட குமாரத்தின்னு போடறாங்க பாரு, அது மாதிரி" என்று நாற்பத்திரண்டு எனக்கு விளக்கினார். பிறகு எழுந்து சத்தமாகவே கேட்டார். "மேடம், மூத்தது கல்யாணம் ஆகிப் போயிட்டா?"

அடுத்த பெண்ணுக்கு அந்தப் பேர் வந்துவிடும் என்றார் மேடம். இனி அவள்தான் வீட்டின் மிஸ்.

அந்த வகுப்பில் அதுவரை நான் வாய் திறந்து எதுவும் கேட்டதில்லை. பிரசன்ட் மட்டும்தான். என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"செத்துட்டா, மிஸ்?"

"அப்பவும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மேடம் போர்டை அழிக்க ஆரம்பித்தார். அவருக்கு அது ஒரு பாயிண்ட். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நாற்பத்திரண்டும் எழுதிக்கொண்டார். "ஏ நாப்பத்தொன்னு, இத எழுது, எக்ஸாம்ல வரும்" என்றார்.

நான் எழுதவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் கம்பியில் தலையை வைத்துக்கொண்டு யோசித்தேன். என்னிடம் அக்கா போன். அக்கா பை. அக்கா கார்டு. ஷெல்ஃபில் அக்காவின் அடுக்கில் என் துணி. ஆனேக்கல் ஆபீசில் நான் தொட்ட மகளு. காலேஜில் நான் நாற்பத்தொன்று. அவள் பேர் போய்விடக்கூடாது என்றுதான் ஒவ்வொரு வாரமும் ஓடினேன். ஆனால் அங்கே யார் அந்தப் பேருக்குக் கையைத் தூக்கினார்கள்? நான்தான். ரேஷன் கார்டிலாவது அவள் இல்லை என்று எழுதினார்கள். நான் அவள் இருந்த இடத்தில் உட்கார்ந்தே விட்டேன். டிரம்மு மேல சொம்பு வைக்க எடம் கெடைக்கும் என்று சொன்னவள்தானே.

அந்த வாரம் வேலையில் கை ஓடவில்லை. மாவில் உப்பு இரண்டு தடவை போட்டேன். பி.ஜி. பெண் ஒருத்தி, "அக்கா, இட்லி கடல்ல வேக வெச்சீங்களா?" என்று கேட்டாள். என்னை அவர்கள் எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அதுவரை அது காதில் விழுந்ததே இல்லை.

நான்காவது வகுப்புக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போகாமல் இருந்தால் மூன்று வாரத்தில் தானாகவே பேர் போயிருக்கும், யாருக்கும் எதுவும் சொல்லவேண்டியது இல்லை. ஆனால் அப்படிப் போவது எனக்குப் பிடிக்கவில்லை. வராததால் எடுத்தோம் என்று அவள் பேருக்கு எதிரில் இருக்கக்கூடாது. அவள் எதற்கும் மட்டம் போட்டவள் இல்லை.

போனேன். அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். மேடம் நம்பரைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். முப்பத்தொன்பது. நாற்பது.

நாற்பத்தொன்று.

"ஆப்சென்ட், மிஸ்."

மேடம் நிமிர்ந்தார். யார் சொன்னது என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். கன்னடத்தில் பேசினேன், என் கன்னடம் மார்க்கெட் கன்னடம்.

"நீங்கதானே நாற்பத்தொன்று?"

"இல்ல மிஸ். நான் தங்கச்சி."

"அப்ப அவங்க எப்ப வருவாங்க?"

"வர மாட்டாங்க மிஸ். இறந்துட்டாங்க. வகுப்பு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே. மூணு வாரம் நான்தான் சொன்னேன்."

மேடம் பேனா மூடியைப் போட்டார், திறந்தார். இருமினார். பதிவேட்டில் ஏதோ எழுதினார், கோடு போட்டாரா என்று தெரியவில்லை. ஆபீசில் ஒரு லெட்டர் கொடுத்துவிடுங்கள், சர்டிபிகேட் காப்பி வையுங்கள் என்றார். வெளி ஆட்களை வகுப்பில் வைக்கத் தனக்கு அனுமதி இல்லை என்றும் சொன்னார். பிறகு, "இன்னைக்கு உக்காருங்க" என்றார். நாற்பத்திரண்டு என்று கூப்பிட்டார்.

என் பக்கத்தில் இருந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மேடம் இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

வகுப்பு நடந்தது. ஒரு வரிகூட என் காதில் ஏறவில்லை. இடைவேளையில் அந்த அம்மா தன் டப்பாவைத் திறந்து சப்பாத்தியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தார்.

"கள்ளி. மூணு வாரமா என் பக்கத்துலயே உக்காந்துட்டு ஒரு வார்த்த சொல்லலியே" என்றார். அப்புறம் குரல் மாறிவிட்டது. "அக்கா என்ன வயசு கண்ணு?"

சொன்னேன். என் கையில் சப்பாத்தி அப்படியே இருந்தது. கிளம்பும்போது அவர் நோட்டில் இருந்து எழுதிய பக்கங்களைக் கிழித்து என் பையில் திணித்தார். "வெச்சுக்கோ. எனக்கு இதெல்லாம் புஸ்தகத்துலயே இருக்குது." அப்புறம் முதல் தடவையாக என் பேரைக் கேட்டார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். டபுள் டூட்டி இல்லை, அக்கா காலேஜுக்குப் போனேன் என்று சொன்னேன். இந்த மூன்று வாரத்தையும் சொன்னேன். இன்றைக்குச் சொல்லிவிட்டு வந்ததையும் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

"பெரியவ அந்த டிரம்மாண்ட நின்னு படிச்சாளே, அந்தம்மாவப் பத்தியா?"

"ம்."

"அந்தம்மாவுக்குப் புள்ள குட்டி?"

"கல்யாணமே பண்ணிக்கல."

"அப்ப கூட யாரு இருந்தா?"

"அவங்க அக்கா."

அம்மா கை நின்றது. தெருமுனையைப் பார்த்தாள். பேனர் வெயிலில் வெளுத்து, அக்கா முகம் எது, பின்னால் இருக்கிற பூ எது என்று தெரியாமல் போய்விட்டது. பையன்களிடம் கழற்றச் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருமே நினைத்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேருமே சொல்லவில்லை.

அந்த ஊர் வழக்கத்தை அம்மாவிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். மூத்தவள் போனால் அடுத்தவள் மூத்தவள் ஆகிவிடுவாளாம் என்று. எனக்கு அதைச் சொல்லத் தெம்பு இல்லை. கால் இரண்டும் வலித்தது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டேன்.

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்தாள். முட்டி சத்தம் போட்டது. உள்ளே தட்டு வைக்கிற சத்தம் கேட்கும் என்று காத்திருந்தேன்.

"சின்னவளே," என்றாள் உள்ளிருந்து. "மூஞ்சி கழுவிட்டு வா. சோறு போடறேன்."

நான் உடனே எழுந்திருக்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.